ஏர் பிஸ்டல் கிரிப் (கைப்பிடி) கைக்குப் பெரிதாக இருக்கிறது, வீட்டிலேயே செதுக்கலாமா?

தண்டையார்பேட்டை தம்பி:
10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி) பழகுகிறேன். பழைய பிஸ்டல் ஒன்று வாங்கினேன், எனக்குச் சின்னக் கை. பிடித்தால் உள்ளங்கைக்கும் கிரிப்பின் மரக்கட்டைக்கும் நடுவே இடைவெளி, டிரிகரை விரல் நுனிதான் தொடுகிறது, குண்டெல்லாம் இடப்பக்கமே போகிறது (வலக்கைதான்). புது கிரிப் வாங்க இப்போது காசில்லை. என்னென்ன டூல் வேண்டும்? வியாசர்பாடியில் லேத் வைத்திருக்கும் நண்பன், கிரிப் எதுக்குடா, முழு பிஸ்டலையே கடைந்து தருகிறேன் என்கிறான். செய்யலாமா?

ஓட்டேரி கோச்:
தம்பி, முதலில் அந்தக் கடைசிக் கேள்வி. கூடவே கூடாது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம், ஆயுள் வரை போகும். நண்பனுக்கும் சேர்த்துத்தான். அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கிரிப் வேறு விஷயம், அதைக் கைக்கேற்ப மாற்றாத ஷூட்டரே குறைவு. விரல் முழுதாக எட்டாததால் டிரிகரை நேராகப் பின்னால் இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறீர்கள், இடப்பக்கம் போவது பெரும்பாலும் அதனால்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உட்காரும் பின்பகுதியைத் தேய்த்தால் கை முன்னால் நகரும். ஆள்காட்டி விரல் கட்டையில் உரசாதபடி பக்கத்தையும் குறையுங்கள். டிரிகர் எடையில் (டிரிகரை இழுக்கத் தேவைப்படும் விசை) மட்டும் கை வைக்காதீர்கள், போட்டியில் 500 கிராமுக்குக் குறையக் கூடாது.

மூலக்கொத்தளம் மரவேலை:
அரைவட்ட அரம், உருட்டு அரம், 80, 120, 240 நம்பர் உப்புத்தாள், எபாக்ஸி பட்டி (பிசைந்து அப்பினால் இறுகும் பசை), இவ்வளவு போதும், பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் எல்லாம் கிடைக்கும். கிரிப்பைக் கழற்றி வைத்துத்தான் தேயுங்கள், மரத்தூள் டிரிகருக்குள் போனால் வேறு தலைவலி. ஒரேயடியாக எடுக்காமல் கொஞ்சம் தேய்த்து, மாட்டி, பிடித்துப் பார்த்து, மறுபடி தேயுங்கள். உள்ளங்கை இடைவெளிக்குப் பட்டியை அப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டு, சுடும் நிலையில் நின்று அழுத்திப் பிடியுங்கள், கையின் வடிவம் அப்படியே பதியும். ஒரு இரவு காயவிட்டு மேடுகளைத் தேய்க்கலாம். வார்னிஷ் பளபளப்பு வேண்டாம் தம்பி, நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கை வழுக்கும்.

தண்டையார்பேட்டை தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே. சரியாக வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கட்டைவிரல் வைக்கும் இடத்தை மேலே வளைத்தால் பிடி இன்னும் இறுகுமே?

ஓட்டேரி கோச்:
வளைக்கக் கூடாது, விதி அனுமதிக்காது. கட்டைவிரல் தாங்கியும் உள்ளங்கை தாங்கியும் கிரிப்புக்கு 90 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மணிக்கட்டுக்கும் எந்தத் தாங்கலும் கூடாது. போட்டியில் பிஸ்டலை அளந்து பார்க்கும் பெட்டி 420, 200, 50 மில்லிமீட்டர், பிஸ்டல் அதற்குள் அடங்க வேண்டும், எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது, அதனால் பட்டியை அள்ளி அப்பாதீர்கள்.

சோதனை சுலபம். பிஸ்டலுக்குள் பெல்லட் (குண்டு) இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரேஞ்சில் இலக்கைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக் கையைத் தூக்குங்கள். கண்ணைத் திறந்ததும் முன் சைட் (குறி பார்க்கும் முனை) பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக நிற்க வேண்டும். மணிக்கட்டைத் திருகித்தான் நடுவுக்குக் கொண்டுவர முடிகிறது என்றால் இன்னும் தேய்க்க வேண்டியிருக்கிறது. அப்புறம் டிரை ஃபயர் (குண்டில்லாமல் டிரிகரை இழுப்பது) செய்து, டிரிகர் விழும்போது முன் சைட் அசைகிறதா பாருங்கள். அசையாமல் நின்றால் பெல்லட் போட்டுச் சுடலாம்.