மத குருமார்களுக்கு ஒரு நாள் பயிற்சி: சாதி, காதல் கல்யாணம் என்று வந்தால் எப்படிப் பேசுவது?

கேள்வி: காசிமேட்டுக்காரன்

எங்க ஏரியாவில் ஃபாதர், இமாம், கோயில் குருக்கள் மூவரையும் வைத்து நல்லிணக்கக் கூட்டம் நடத்துகிறோம். பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்றால் சால்வை, போட்டோ எல்லாம் அமர்க்களம்தான். ஆனால் போன தடவை ஒரு அப்பா வந்து, "என் பொண்ணு வேற மதத்துப் பையனைத்தான் கட்டிப்பேன்னு நிக்குது, நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்டதும், மூவரும் "எல்லாம் அன்புதான்" என்று சொல்லிவிட்டு டீ டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, இதற்கெல்லாம் யாரும் அவர்களைப் பழக்கவில்லை. பயிற்சியை எதில் ஆரம்பிப்பது?

பதில்: வியாசர்பாடி வாத்தியார்

தம்பி, வசனத்தில் மட்டும் ஆரம்பிக்காதீங்க. குறள், பைபிள், குர்ஆன் என்று ஆளுக்கு ஒன்று ஒப்பித்தாலே மதியச் சாப்பாடு வந்துவிடும். அந்த அப்பா கதையையே எடுத்து நடிக்கச் சொல்லுங்க. இமாம் அப்பாவாகவும், குருக்கள் அந்தப் பெண்ணாகவும் உட்காரட்டும். ஃபாதர் கேள்வி மட்டும் கேட்கலாம், முதல் பத்து நிமிடம் அறிவுரை கூடாது. மைக் பிடித்தே பழகியவர்களுக்கு அதுதான் கஷ்டம். அப்புறம் சட்டமும் கொஞ்சம் தெரிய வேண்டும். மதம் மாறாமலே கல்யாணம் பண்ணிக்கொள்ள வழி செய்கிற 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ், பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டுவார்கள். அது தெரியாமல் "போய்ப் பதிவு பண்ணிக்கோம்மா" என்று சொன்னால் அந்தப் பெண்ணைத்தான் மாட்டிவிடுகிறோம்.

பதில்: புளியந்தோப்பு பேரன்

சார் சொன்னது சரி, ஆனால் அன்பு அன்பு என்றே பேசினால் யாருக்கு வலிக்கிறது என்பது மறைந்துபோகும். 1918-ல் பெரம்பூரில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது மில் ஆட்கள் சாதி மதம் பார்க்காமல்தான் சேர்ந்தார்கள். மூன்றே வருஷம், 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிகள் வேலைக்குத் திரும்பியதும், சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம் என்றாகி, எங்க புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அந்தக் கதையை மூவரும் படித்துவிட்டு வரட்டும். இன்னொன்று, பட்டியல் சாதிகள் யார் யார் என்று சொல்லும் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி ஒரு தலித் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது, சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள். இது எப்படிப்பட்ட இழப்பு என்று ஃபாதரின் பங்கு மக்களில் ஒருவர் குருக்களிடம் நேரில் சொல்லணும், குருக்கள் நடுவில் பேசாமல் கேட்கணும்.

பதில்: தண்டையார்பேட்டை அக்கா

எல்லாம் சரி, மூணு பேருமே ஆம்பளைங்க. அப்பா வந்தார், பொண்ணு ஏன் வரல? அவ அம்மாகிட்டயாவது யாராவது கேட்டீங்களா? சிஸ்டர், மதரசாவில் பாடம் எடுக்கிற அக்கா, குருக்கள் வீட்டம்மா எல்லாரையும் கூப்பிடுங்க. ஓரமா சேர் போட்டு உட்கார வைக்க இல்ல, நடத்தவே.

காசிமேட்டுக்காரன்

அக்கா, செஞ்சிடலாம். நடிப்புக்கு இமாம் உடனே ஒத்துக்கொண்டார், குருக்கள்தான் பெண் வேஷமா என்று சிரிக்கிறார். இடம் மட்டும் இழுபறி, சர்ச் ஹால் என்றால் சிலர் வர மாட்டார்கள், கோயில் மண்டபம் என்றால் வேறு சிலர். மாநகராட்சி சமூக நலக்கூடம் ஞாயிற்றுக்கிழமை கிடைக்குமா, யாராவது எடுத்திருக்கீங்களா?