உண்ணிக்கு மாட்டுக்கு ஊசியா? தைலேரியா ஊசியும் அதுவும் ஒண்ணா?

நாகலூர் பட்டி:
ஏற்காடு நாகலூர்ல 3 ஜெர்சி கலப்பினக் கறவை, 2 கிடேரிக் கன்னு. காப்பித் தோட்டத்து ஓரம் மேயுதுங்க. உண்ணி மருந்து அமிட்ராஸ் அடிச்சா 20 நாள்ல காது, மடியெல்லாம் மறுபடி உண்ணி. மாட்டுக்கு ஊசி போட்டா உண்ணியே குறையும்ங்கிறாங்க. தைலேரியா ஊசிதான் அதுவா?

வாழப்பாடி கறவை:
ரெண்டும் வேற வேறங்க. தைலேரியா ஊசி, ஹயலோமாங்கிற வகை உண்ணி பரப்புற தைலேரியாங்கிற காய்ச்சல் நோய்க்கு. உண்ணியை ஒண்ணும் செய்யாது. சிவப்பு மூத்திரம் போற பபீசியாவுக்கும் அது காப்பு இல்ல.

நீங்க கேட்டது பிஎம்86 ஊசி. 1990கள்ல ஆஸ்திரேலியாவிலயும் கியூபாவிலயும் விற்பனைக்கு வந்தது. நம்ம மருந்துக் கடையில கிடைக்காது. பிஎம்86ங்கிறது உண்ணியோட குடல்ல இருக்கிற புரதம். ஊசி போட்ட மாட்டு ரத்தத்துல அதுக்கு எதிர்ப்புப் பொருள் ஊறும். உண்ணி அந்த ரத்தத்தைக் குடிச்சதும் அதோட குடல் செல் சிதையும். சிலது சாகும், மிச்சம் குறைவா முட்டை போடும். அதனால இன்னிக்கு ஒட்டியிருக்கிறது உதிராது, தலைமுறை தலைமுறையாத்தான் குறையும். சாதாரணக் கடியில அந்தப் புரதம் மாட்டு உடம்புக்குள்ள போகாததால எதிர்ப்பு தானாப் புதுப்பிக்காது. திரும்பத் திரும்ப ஊக்க ஊசி போட்டே ஆகணும். பக்கத்துப் பட்டி மாடு போடாம அதே காட்டுல மேஞ்சா பலன் பாதிதான்.

கொட்டகை வைத்தியம்:
20 நாள் கணக்குக்குக் காரணம் இருக்குங்க. நம்ம மாட்டு உண்ணி குஞ்சுல இருந்து பெரிசாகி உதிர்ற வரைக்கும் ஒரே மாட்டு மேலதான், சுமார் 3 வாரம். உதிர்ந்த ஒரு பெட்டை 2,000க்கு மேல முட்டை போடும். சேர்வராயன் மலை ஈரத்துல, நிழல் புல்லுல குஞ்சுகள் மாசக்கணக்கா உயிரோட காத்திருக்கும். மாட்டை மட்டும் கழுவிப் பிரயோசனம் இல்ல.

12.5% அமிட்ராஸ்னா லிட்டர் தண்ணிக்கு 2 மில்லி, அப்பப்போ புதுசாக் கலக்கணும். பெரிய மாட்டுக்கு 3 லிட்டராவது வேணும். பலபேர் ஒரு லிட்டர்ல முடிச்சிடறாங்க, காதுக்குள்ள, வாலடி, தொடையிடுக்கு தப்பிடுது. அரைகுறை அளவுல தப்பினதுதான் மருந்துக்கு அசையாத உண்ணியாப் பெருகுது. பால் கறந்த பிறகு, முடிக்கு எதிர்ப்பக்கமா அடிங்க. அதுக்கு முன்னாடி தண்ணி காட்டிட்டா நக்கறது குறையும். மழை வர்ற நாள் வேண்டாம். அடுத்த கறவைக்கு முன்னாடி மடியைக் கழுவணும். அன்னிக்கே கொட்டகைச் சுவர் வெடிப்பை சிமெண்ட் வச்சு அடைங்க. ஹயலோமா வகை ஒரே மாட்டு மேலயே இருக்காது, அங்கதான் தோலுரிக்கும். 14ஆம் நாள் மறுபடி அடிங்க, பெட்டை உதிர்றதுக்கு முன்னாடியே.

நாகலூர் பட்டி:
ஒரு மாடு நிறைமாசச் சினை. தைலேரியா ஊசி போடலாமா?

வாழப்பாடி கறவை:
வேண்டாங்க, ஈன்ற பிறகு பாக்கலாம். கன்னுகளுக்கு 2 மாசம் தாண்டியிருந்தாப் போடலாம், 3 மில்லி, தோலுக்கடியில. அது உயிருள்ள தடுப்பூசி, திரவ நைட்ரஜன்லதான் இருக்கும். உருக்கினதும் உடனே போட்டுடணும். அந்தச் சமயம் தைலேரியா வைத்திய மருந்து புபார்வாகோன் போடாதீங்க, தடுப்பூசியிலுள்ள கிருமியையும் சேர்த்துக் கொன்னுடும். காய்ச்சலோட தோளுக்கு முன்னாடி நிணநீர்க் கணு வீங்கின மாட்டுக்கு ஊசி இல்ல, வைத்தியம்தான், அன்னிக்கே.