ஜெர்மனில பாதி வருஷம்தான் வேலை பார்த்தேன், டாக்ஸ் ரீஃபண்ட் எப்படி வாங்குறது?

திருச்சிப்பையன்_ஸ்டுட்கார்ட்:
எல்லாருக்கும் வணக்கம். நான் 2024 ஜூலைல ப்ளூ கார்டுல (படிச்சவங்களுக்கான வேலை அனுமதி) ஸ்டுட்கார்ட் வந்தேன், ஜூன் வரைக்கும் சென்னையில வேலை. வைஃபும் பாப்பாவும் இன்னும் திருச்சியிலதான் இருக்காங்க. ஸ்டொயர்கிளாஸ் (டாக்ஸ் பிரிவு) 1னு போட்டு மாசாமாசம் பிடிக்கிறதப் பார்த்தா வயித்தெரிச்சலா இருக்கு. ஆபீஸ்ல ஒருத்தர் பாதி வருஷம் வேலை பார்த்தவனுக்கு நல்லா திரும்ப வரும், நாலு வருஷம் டைம் இருக்கு மெதுவா போடுன்னாரு. அது நிஜமா? சென்னை சம்பளத்தையும் காட்டணுமா, அதுக்கு மறுபடியும் டாக்ஸ் போடுவாங்களா? அப்பா அம்மாவுக்கும் வைஃபுக்கும் மாசம் மாசம் பணம் அனுப்புறேன், அதுக்கு ஏதாச்சும் கழிவு உண்டா? ஜெர்மன் ஏ2 லெவல்தான், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மியூனிக்_மீனா:
முதல்ல அந்த நாலு வருஷக் கதைய மறந்துடுங்க. ரிட்டர்ன் போடணும்னு கட்டாயம் இல்லாதவங்களுக்குத்தான் நாலு வருஷம். நீங்க வந்த வருஷத்துல வெளிநாட்டு வருமானம் 410 யூரோக்கு மேல இருக்கு, அதனால 2024க்கு உங்களுக்குக் கட்டாயம், கடைசி நாள் 2025 ஜூலை 31. டாக்ஸ் கன்சல்டன்ட் மூலமா போட்டா 2026 ஏப்ரல் 30 வரை டைம் உண்டு.

சென்னை சம்பளத்துக்கு இங்க டாக்ஸ் கிடையாது, பயப்படாதீங்க. ஆனா உங்க ரேட் எவ்வளவுன்னு முடிவு பண்றப்போ அதையும் சேர்த்துப் பார்ப்பாங்க. ப்ரொக்ரெஷியோன்ஸ்ஃபோர்பெஹால்ட்னு பேரு, ஆன்லாக வா-எஸ்ட்ங்கற பக்கத்துல எழுதணும். மறைக்கவே மறைக்காதீங்க. ஒரு விஷயம், நம்ம ஃபார்ம் 16 ஏப்ரல்-மார்ச் கணக்கு, இவங்களுக்கு ஜனவரி-டிசம்பர், அதனால ஃபார்ம் 16 ஒத்து வராது, ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் உள்ள பேஸ்லிப் ஆறையும் பழைய கம்பெனிலேர்ந்து இப்பவே வாங்கி வச்சுக்கோங்க, பின்னாடி கேட்டா கிடைக்கிறது கஷ்டம்.

ரீஃபண்ட் ஏன் வருதுன்னா, கம்பெனி மாசாமாசம் பிடிக்கிறப்போ நீங்க 12 மாசமும் இதே சம்பளம் வாங்குறதா வச்சுதான் பிடிக்குது. நீங்க வாங்கினது 6 மாசம்தான். ஆனா டாக்ஸ் இல்லாத வரம்பு 2024க்கு 11,784 யூரோ, அது பாதி வருஷம்னாலும் முழுசா கிடைக்கும். சென்னை சம்பளம் ரேட்டை கொஞ்சம் ஏத்தும், இருந்தாலும் பெரும்பாலும் நல்ல தொகைதான் வரும்.

வேலை சம்பந்தமான செலவுல 1,230 யூரோ பில்லே இல்லாம எல்லாருக்கும் கழிப்பாங்க, அதைத் தாண்டினாத்தான் பில்லுக்கு வேலை. ஃப்ளைட் டிக்கெட், சாமான் அனுப்பினது, வீட்லேர்ந்து வேலை பார்த்த நாளுக்கு 6 யூரோ, எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. டிக்கெட் கம்பெனி போட்டுக் கொடுத்திருந்தா அதை எழுதக் கூடாது.

எல்ஸ்டர்ங்கற டாக்ஸ் ஆபீஸ் வெப்சைட்ல ஃப்ரீயாவே போடலாம், ஆனா இன்னைக்கே ரிஜிஸ்டர் பண்ணுங்க, ஆக்டிவேஷன் கோட் தபால்லதான் வரும், லெட்டர்பாக்ஸ்ல உங்க பேரு ஒட்டியிருக்கான்னு முதல்ல பாருங்க!

ரூர்_அண்ணை:
தம்பி, வீட்டுக்கு அனுப்புற காசைப் பற்றி நான் சொல்லுறன். நான் இஞ்ச வந்து முப்பது வருசத்துக்கு மேல, அம்மா இருக்குமட்டும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினனான். ஒரு வருசம் ஊருக்குப் போற ஆக்களிட்ட கையில குடுத்து விட்டன், ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை, ஃபினான்ஸாம்ட் (வரி அலுவலகம்) ஒரு சதமும் ஏற்கேல்லை. அம்மாவுக்குச் செய்தது உண்மை, ஆனா காட்ட ஒண்டும் இல்லை, அது இண்டைக்கும் மனசுக்க கிடக்குது. பாங்க் மூலம் அவையின்ர பேரில உள்ள கணக்குக்கே அனுப்பும், 2025ல இருந்து காசா அனுப்பினா அதை எடுக்கவே மாட்டினம்.

வீட்டு ஆக்களுக்கு அனுப்புற காசைக் காட்ட உண்டர்ஹால்ட்ஸ்எர்க்ளேருங் எண்டு ஒரு படிவம், ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி, இங்கிலீசிலயும் இருக்கு. அதில ஊர் அதிகாரியின்ர கையெழுத்தும் சீலும் வேணும். பேர் பாஸ்போட்டில உள்ளமாதிரியே இருக்கோணும்.

கோவை_டார்ம்ஸ்டாட்:
அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு. எங்கப்பா தாசில்தார் ஆபீசுக்கு மூணு தடவை அலைஞ்சார், அங்க இந்த ஃபார்மைப் பார்த்ததே இல்லைன்னாங்க. தமிழ்ல ஒரு விளக்கக் கடிதமும் சேர்த்துக் கொடுத்தப்புறம்தான் சீல் போட்டாங்க, அதையும் முன்கூட்டியே எழுதி அனுப்பிடுங்க.

தொகை: மீனாக்கா சொன்ன 11,784தான் ஒரு ஆளுக்குக் கழிக்கிற உச்ச வரம்பும், இந்தியாவுக்கு அதுல நாலுல ஒரு பங்குதான், 2024க்கு ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,946. உங்களுக்கு ஜூலைலேர்ந்துதான் கணக்கு, அதனால பாதி, 1,473. இது வருமானத்துல கழியுற தொகை, அப்படியே கைக்கு வராது. அப்பாவுக்கு பென்ஷன் வந்தா அதுல ஒரு பகுதியைக் கழிச்சுடுவாங்க. வைஃபுக்கும் இதே ஃபார்ம்தான். அவங்க இந்தியால இருக்கிற வரைக்கும் கல்யாணமானவங்களுக்குக் கம்மியா பிடிக்கிற கிளாஸ் 3 கிடைக்காது, ஆனா 2025 டிசம்பர்ல வந்து குடியேறினாக்கூட 2025 முழுசுக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து ரிட்டர்ன் போடலாம் ப்ரோ.

முடிவுக் கடிதம் வந்ததும் வரிக்கு வரி படிங்க, தப்பா இருந்தா ஒரு மாசத்துக்குள்ள ஐன்ஸ்ப்ரூஹ் (ஆட்சேபணைக் கடிதம்) போடணும், அதுக்கு ஃபீஸ் கிடையாது. எனக்கு அம்மா பேர்ல இருந்ததை விட்டுட்டாங்க, ரசீதோட எழுதிப் போட்டேன், சேர்த்துட்டாங்க.

திருச்சிப்பையன்_ஸ்டுட்கார்ட்:
ரொம்ப நன்றி மீனாக்கா, அண்ணை, ப்ரோ. நான் பாட்டுக்கு நாலு வருஷம்னு உக்காந்திருப்பேன். எல்ஸ்டர்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டேன், லெட்டர்பாக்ஸ்ல ஹவுஸ் ஓனர் பேரு மட்டும்தான் இருந்துச்சு, என் பேரையும் எழுதி ஒட்டிட்டேன். வைஃப் விசா அப்பாயின்ட்மென்ட் அக்டோபர்ல. ஒரு டவுட்டு, அம்மா அக்கவுன்ட் அப்பாவோட ஜாயின்ட்ல இருக்கு, அதுலயே அனுப்பலாமா இல்ல தனியா ஒண்ணு ஓப்பன் பண்ணணுமா?

கோவை_டார்ம்ஸ்டாட்:
எனக்கும் ஜாயின்ட்தான், ரெண்டு பேர் பேரும் தெரியிற மாதிரி பாஸ்புக் முதல் பக்கத்தை ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன், கேட்டப்போ கொடுத்தேன், ஏத்துக்கிட்டாங்க.