பொண்ணை கேர்ள்ஸ் பிரிவுல போடறதா, ஓபன்லயா? (உலக கேடட் செஸ் கனவு இருக்கறவங்க வாங்க)

கோவை_அம்மா:
வணக்கம். என் பொண்ணுக்கு அடுத்த வருஷம் அண்டர்-10. லோக்கல் டோர்னமெண்ட்ல பசங்களோட ஓபன்ல ஆடி ஓரளவு பாயிண்ட் எடுக்கறா. கோச் என்ன சொல்றாருன்னா, கேர்ள்ஸ்ல போட்டா ஸ்டேட் செலக்ஷன் கொஞ்சம் சுலபம், அங்கிருந்து நேஷனல், நல்லா ஆடினா வேர்ல்ட் கேடட் (சின்ன பசங்களுக்கான உலக செஸ் போட்டி) வரைக்கும் போலாம்ங்கறார். அவ அப்பா என்னடான்னா "ஓட்டப்பந்தயம், கபடின்னா பிரிக்கலாம், மூளைக்கு என்ன ஆம்பளை பொம்பளை"ன்னு ஒத்தக்கால்ல நிக்கறார். அவர் கேக்கறதும் நியாயமாத்தான் படுது. ஆட வச்சு பழக்கப்பட்டவங்க சொல்லுங்களேன்.

டிரா_வேண்டாம்:
மேடம், முதல்ல ஒண்ணு, அது பாய்ஸ் பிரிவு இல்ல, ஓபன். யாரு வேணா ஆடலாம், கேர்ள்ஸ் மட்டும்தான் பொண்ணுங்களுக்கே உரியது. ஹங்கேரி கிராண்ட்மாஸ்டர் ஜூடிட் போல்கார் 1988ல ருமேனியாவுல பசங்களோட மோதி அண்டர்-12 உலகப் பட்டம் அடிச்சாங்க, 1990ல அமெரிக்காவுல அண்டர்-14ம் அவங்கதான். அதனால உங்க வீட்டுக்காரர் சொல்றது தப்பில்ல. ஆனா அந்த வீட்டுல மூணு பொண்ணுங்களையும் ஸ்கூலுக்கே அனுப்பாம வீட்டுலயே வச்சு செஸ் சொல்லிக்கொடுத்தாங்க. அந்த அளவுக்கு இறங்க நீங்க ரெடியா?

கறுப்புக்குதிரை:
நான் அப்படி பாக்கல. கேர்ள்ஸ் பிரிவுன்னா பொண்ணுங்களுக்கு மூளை கம்மின்னு அர்த்தம் இல்ல, ஆடற பொண்ணுங்க எண்ணிக்கைதான் கம்மி. ஹாலுக்குள்ள போய் பாருங்க, பத்து போர்டுக்கு ஒரு பொண்ணு உக்காந்திருக்கும், அதுவும் எட்டாவது ஒம்பதாவது வந்தா டியூஷன் அது இதுன்னு நின்னுடும். ஒரு மெடல் கையில இருந்தா வீட்டுல இன்னும் ரெண்டு வருஷம் ஆட விடுவாங்க, அவ்ளோதான் விஷயம். நம்ம வைஷாலி 2012ல அண்டர்-12, 2015ல அண்டர்-14 ரெண்டுமே கேர்ள்ஸ்லதான் ஜெயிச்சாங்க, 2023ல முழு கிராண்ட்மாஸ்டர் (பெண்களுக்கான தனி பட்டம் இல்ல, எல்லாருக்கும் பொதுவான உச்ச பட்டம்) ஆகலையா? நாக்பூர் திவ்யா தேஷ்முக்கும் அண்டர்-10, அண்டர்-12 கேர்ள்ஸ் பட்டத்துல ஆரம்பிச்சு 2025ல பெண்கள் உலகக் கோப்பை ஜெயிச்சு கிராண்ட்மாஸ்டர் ஆயிட்டாங்க. ஆந்திராவோட கோனேரு ஹம்பி அதுக்கும் முன்னாடி, 1997ல அண்டர்-10, 98ல அண்டர்-12, 2000ல அண்டர்-14, எல்லாமே கேர்ள்ஸ்தான்.
இதுல இது வேணுமா அது வேணுமான்னே கிடையாது. வயசு பிரிவு போட்டிக்கு கேர்ள்ஸ்ல போடுங்க, மத்தபடி வருஷம் முழுக்க நடக்கற ரேட்டிங் டோர்னமெண்ட் (ஆட்டத் திறமைக்கு தர்ற புள்ளி ஏறி இறங்கற போட்டி) எல்லாம் எல்லாரும் கலந்து ஆடறதுதான், அங்க பசங்க, தாத்தா, காலேஜ் அண்ணன்னு எல்லார்கிட்டயும் அடி வாங்கட்டும். அப்பதான் ஆட்டம் ஏறும்.

டிரா_வேண்டாம்:
ஒத்துக்கறேன், ரேட்டிங் டோர்னமெண்ட் பாயிண்ட் நல்ல பாயிண்ட்.

பழைய_ஸ்கோர்ஷீட்:
எல்லாரும் கப்பு பத்தியே பேசறீங்க, செலவு யாரும் சொல்லலையே. உலக போட்டியில ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவுல ஒரு அஃபீஷியல் பிளேயர்தான், அந்த ஒரு குழந்தைக்கு ரூமும் சாப்பாடும் நடத்தறவங்க பொறுப்பு. மத்தவங்க போலாம், ஆனா எல்லாம் கைக்காசு, கூட போற அப்பா அம்மாவுக்கும் சேத்து. ஹோட்டலும் பெரும்பாலும் அவங்க சொல்றதுதான். லோன் போட்டு போன குடும்பத்தை எனக்கு தெரியும்.
அப்புறம் அந்த வயசு ரிசல்ட்டை ரொம்ப நம்பாதீங்க. 2002ல கிரீஸ்ல ஹெராக்லியன்ல அண்டர்-12, முதல் ரெண்டு பேரும் ஒரே பாயிண்ட், டை-பிரேக்ல (சமநிலையை உடைக்கற கணக்குல) பட்டம் ரஷ்யாவோட நெபோம்னியாச்சிக்கு போச்சு. ரெண்டாவது வந்த பையன் நார்வேயோட மேக்னஸ் கார்ல்சன். 2021ல துபாய்ல உலக சாம்பியன்ஷிப்ல அதே ரெண்டு பேரும் மோதினப்ப ஜெயிச்சது கார்ல்சன். அதுக்காக சின்ன வயசு பட்டமெல்லாம் சும்மான்னும் சொல்ல மாட்டேன், பிரக்ஞானந்தா அண்டர்-8ல ஆரம்பிச்சவர், குகேஷ் 2018ல அண்டர்-12 ஜெயிச்சவர்.
நான் பாத்ததுல சின்ன பசங்க தோக்கறது ஓப்பனிங் தெரியாம இல்ல. கடிகாரத்துல 90 நிமிஷம் இருக்கும், அதுபோக மூவுக்கு 30 செகண்ட் கூடும், இவங்க அரை மணி நேரத்துல ஆட்டத்தை முடிச்சுட்டு வெளிய ஓடி வந்துடுவாங்க. ஜெயிக்கற ரூக் எண்ட்கேம், எதிராளி தண்ணி குடிக்க எழுந்து போயிருப்பான், இவன் அவன் திரும்ப வர்றதுக்குள்ள யோசிக்காம சிப்பாயை தள்ளிட்டு பக்கத்து போர்டை வேடிக்கை பாப்பான். பெத்தவங்களுக்கு ஹாலுக்குள்ள அனுமதி கிடையாது, கதவு கண்ணாடி வழியா எட்டிப் பாத்து நகம் கடிக்க வேண்டியதுதான். ஓபனா கேர்ள்ஸாங்கறதை அப்புறம் பாக்கலாம், முதல்ல அவளை சீட்ல உக்காந்து டைம் செலவு பண்ண பழக்குங்க.

கோவை_அம்மா:
ஐயோ சார், அப்படியே என் பொண்ணுதான் 😄 இன்னைக்கே அவர்கிட்ட இதை படிச்சு காட்டறேன். அடுத்த வருஷம் அண்டர்-10க்கு எப்ப என்ட்ரி போடணும்?

கறுப்புக்குதிரை:
அக்கா, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. நம்ம நேஷனல் எல்லாம் அண்டர்-9, 11, 13ன்னு ஒத்தைப்படையில நடக்கும், ஏன்னா இந்த வருஷ நேஷனல்ல மேல வர்றவங்களைத்தான் அடுத்த வருஷ உலக போட்டிக்கு எடுப்பாங்க. அப்போ உங்க பொண்ணு ஆட வேண்டியது இந்த வருஷ அண்டர்-9 ஸ்டேட். வயசு கணக்கு ஜனவரி 1தான், பர்த் சர்டிபிகேட்டை கையில வச்சுக்கோங்க. உங்க மாவட்ட சங்கத்துல நாளைக்கே போன் போட்டு கேளுங்க, ஸ்டேட் முடிஞ்சிருந்தா அண்டர்-11 இருக்கான்னும் சேத்து கேட்டுடுங்க.