வேகாத சோயா தின்னும் நாட்டுக்கோழிக் குஞ்சுகள்: எடை ஏறவில்லை, உதவுங்கள்

குறிஞ்சிப்பாடி கோழி வளர்ப்பு:
வணக்கம். 8 வாரக் குஞ்சுகள். மக்காச்சோளம், தவிடு, முதுநகர் கருவாட்டுத் தூளோடு, 10 கிலோ தீவனத்துக்கு 2.5 கிலோ சோயாவை அப்படியே அரைத்துக் கலக்கிறேன். நன்றாகத் தின்கின்றன, ஆனால் எடை 300 கிராமைத் தாண்டவில்லை. எச்சம் பிசுபிசுவென்று இருக்கிறது. குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று. இதே சோயா மாட்டுக்கும் போகிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கோளாறு எங்கே?

பாகூர் பண்ணை:
அப்படியே அரைப்பதில்தான் அண்ணே. வேகாத சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்ற புரதம் உண்டு. புரதத்தைச் செரிக்கவைக்கக் கணையம் சுரக்கும் டிரிப்சின் என்ற நொதியை அது கட்டிப்போட்டுவிடும், புரதம் செரிக்காது. குடலில் டிரிப்சின் குறையக் குறைய, இன்னும் சுரக்கச் சொல்லி ஹார்மோன் மூலம் கணையத்துக்கு உத்தரவு போகும். அது ஓயாமல் சுரந்து பருத்துப்போகும். கணையம் சுரக்கும் அந்த நொதிகளில் கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் (புரதத்தின் துண்டுகள்) அதிகம், எல்லாம் எச்சத்தோடு வெளியேறிவிடும். சோயாவிலோ அந்த வகையான மெத்தியோனின் முன்பே குறைவு. தின்றதும் ஒட்டாமல், உடம்பில் இருப்பதும் கரைகிறது. கொழுப்புச் செரிமானமும் கெடும். போதாததற்கு சோயாவிலுள்ள லெக்டின் என்ற இன்னொரு புரதம் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு சத்து உறிஞ்சுவதைத் தடுக்கும்.

குஞ்சு ஏதாவது செத்தால் அறுத்துப் பாருங்கள். சிறுகுடலின் முதல் வளைவுக்குள் வெளிறிய பட்டையாக இருப்பது கணையம். வேறு தீவனம் தின்ற அதே வயதுக் குஞ்சோடு ஒப்பிட்டால் வீக்கம் தெரியும். எச்சத்தில் ரத்தம் இருந்தால் மட்டும் விஷயம் வேறு, அது ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். குரும்பபேட் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

வில்லியனூர் பால்மாடு:
வளர்ந்த மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிரிகள் இந்தத் தடுப்பானைப் பெரும்பாலும் சிதைத்துவிடும், அதனால்தான் தாங்குகிறது. அந்த வயிறு வளராத இளங்கன்றுக்கு வைக்காதீர்கள். யூரியா கலந்த தீவனமோ யூரியா வைக்கோலோ கொடுத்தால் மாட்டுக்கும் வேகாத சோயா கூடவே கூடாது. சோயாவிலுள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை வேகமாக அம்மோனியாவாக்கும், மாடு செத்தே போகலாம்.

குறிஞ்சிப்பாடி கோழி வளர்ப்பு:
இரவு ஊறவைத்து வெயிலில் காயவைத்தால் போதாதா?

பாகூர் பண்ணை:
போதாது, கொதிக்கும் சூடு வேண்டும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். உலர்த்தி அரையுங்கள். கருகவிடக் கூடாது, அதிகச் சூட்டில் லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்து வீணாகும்.

வெந்ததா என்று பார்க்க: அரைத்த சோயா ஒரு கரண்டி, யூரியா ஒரு சிட்டிகை, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர். பாட்டிலில் மூடி 20 நிமிடம் கழித்துத் திறங்கள். வேகாத சோயாவில் இன்னொரு பாட்டிலும் வையுங்கள், வித்தியாசம் புரியும். அம்மோனியா நெடி அடித்தால் வேகவில்லை. கோழியைக் கெடுப்பது யூரியேஸ் அல்ல. ஆனால் தடுப்பான் அழியும் சூட்டில்தான் அதுவும் ஏறக்குறைய அழிகிறது, அதனால் அடையாளமாக உதவும்.

இந்தப் பாடெல்லாம் வேண்டாமென்றால் சோயா புண்ணாக்கே வாங்கிவிடுங்கள். ஆலையில் சூடாக்கியே வரும், புரதமும் 44 சதவீதத்துக்கு மேல். நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.

வில்லியனூர் பால்மாடு:
வேகவைத்து அரைப்பதானால் ஒரு வாரத்துக்கு மட்டும் அரையுங்கள். எண்ணெய் உள்ள மாவு, சிக்கு வாடை வந்துவிடும். நம் கடற்கரை ஈரக்காற்றில் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும்.