குளிர்ல சோயா மெழுகுதிரி மேல வெள்ளையா பூக்குது, பத்த வச்சா வாசமும் வரல, என்ன செய்யலாம்?

கொட்டகலை_மஞ்சு:
எல்லாருக்கும் வணக்கம். சோயா மெழுகுல வாசனை மெழுகுதிரி செஞ்சு ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுல விக்கலாம்னு இருக்கேன். ராத்திரி ஊத்தி வச்சா காலையில மேல பூஞ்சணம் புடிச்ச மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்கு, திரிகிட்ட குழி விழுது, கிளாஸ் ஓரத்துல மெழுகு ஒட்டாம விட்டு நிக்குது. மூடியை திறந்தா வாசம் தூக்குது, பத்த வச்சா ஒண்ணுமே இல்ல. கறுவா எண்ணெய்னு வாங்கினது கராம்பு வாசம் அடிக்குது, கலப்படமா இருக்குமோ? சோயா விக்கிற விலைக்கு பாதிக்கு பாதி தேங்காய் எண்ணெய் கலக்கலாம்னும் ஒருத்தர் சொன்னாங்க, சரி வருமா? டூரிஸ்ட்டுகளுக்காக மேல கொஞ்சம் தேத்தூள் தூவணும்னும் ஆசை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பண்டாரவளை_அக்கா:
தங்கச்சி, வெள்ளையா பூக்கிறதால மெழுகு கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, சோயா மெழுகு ஆறும்போது படிகம் கட்டுறது அதோட குணம், எரியிறதுக்கு ஒரு குறையும் வராது. ஆனா கடையில பார்க்கிறவங்க பழசுன்னு நினைச்சிருவாங்க, அதனால குறைக்கத்தான் வேணும். நம்ம பக்கத்து ராத்திரி குளிர்ல வெளிப்பக்கம் சட்டுனு இறுகிடும், உள்ள இன்னும் சூடா இருக்கும், அது பிறகு சுருங்கும்போது தான் நடுவுல குழி. பகல்ல ஊத்துங்க. கிளாஸை முதல்ல சூடாக்கி நல்லா துடைங்க, ஒரு சொட்டு தண்ணி கூட உள்ள இருக்கக்கூடாது, எரியும்போது படபடன்னு தெறிக்கும். மெழுகு 55 டிகிரி கிட்ட வரும்போது ஊத்திட்டு மேல ஒரு அட்டைப் பெட்டியை கவிழ்த்து வச்சிடுங்க, மெதுவா ஆறும். சிமெந்து தரையிலயும் ஜன்னல் ஓரத்துலயும் வைக்கவே வேணாம். அப்படியும் குழி விழுந்தா ஹெயார் டிரையரை மேலால காட்டுங்க, உருகி சமமாகிடும்.

தேங்காய் எண்ணெய் பாதிக்கு பாதி வேணவே வேணாம். அது 24 டிகிரி கிட்டயே உருகிடும், உங்க வீட்டு போத்தல்ல கட்டியா நிக்கிறது குளிருக்கு தான், வாங்கினவங்க கொழும்புக்கு கொண்டு போனா கூழாகி வழியும். தேங்காய் மெழுகுன்னு விக்கிறது பதப்படுத்தி கெட்டியாக்கினது, அது வேற சாமான், அதை சோயாவோட கலந்தா மேல்பக்கம் வழுவழுன்னு அழகா வரும்.

மாத்தளை_வாசம்:
கலப்படம்னு அவசரப்படாதீங்க தங்கச்சி, உங்க கையில இருக்கிறது கறுவா இலை எண்ணெயா இருக்கும். இலையில கூடுதலா இருக்கிறது யூஜினோல்ங்கிற வாசப்பொருள், கராம்புலயும் அதே தான், அதனால வாசம் அப்படித்தான் அடிக்கும். பட்டை எண்ணெய் வேற, அதுல சின்னமால்டிஹைட்ங்கிற வேற வாசப்பொருள் தான் கூட, விலையும் ரொம்ப அதிகம். லேபல்ல இலையா பட்டையான்னு பாருங்க. ரெண்டுமே தோலை எரிக்கும், கிளவுஸ் போட்டுக்கோங்க.

சொட்டு கணக்குல ஊத்துறதை விட்டுட்டு டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்குங்க. 200 கிராம் மெழுகுக்கு 12 கிராம் எண்ணெய், அதாவது 6 வீதம், இதுல தொடங்குங்க. அளவுக்கு மிஞ்சி ஊத்தினா மெழுகு தாங்காம மேல எண்ணெய் வேர்க்கும், திரியும் அடைக்கும், வாசமும் அதிகமாகாது. யூகலிப்டஸ் எண்ணெய்க்கு பிளாஷ் பாயின்ட், அதாவது அதோட ஆவி நெருப்பு பட்டா பத்திக்கிற சூடு, 50 டிகிரி கிட்ட தான், அதனால கேஸ் குக்கரை நிப்பாட்டி தள்ளி வச்சிட்டு தான் எந்த எண்ணெயும் கலக்கணும், ரெண்டு நிமிஷம் நிதானமா கிண்டுங்க. யூகலிப்டஸ், எலுமிச்சை ரெண்டும் சீக்கிரம் பறந்திடும், கொஞ்சம் கறுவா இலை எண்ணெயோ கராம்பு எண்ணெயோ சேர்த்தா நிக்கும். ஊத்தி மூடி ரெண்டு வாரம் கழிச்சு பத்த வச்சு பாருங்க, சோயாவுக்கு அவ்வளவு நாள் வேணும்.

அப்படியும் வாசம் வரலைன்னா திரி தான் காரணம். வாசம் கிளம்புறது உருகின மெழுகுல இருந்து, திரி மெல்லிசா இருந்தா நடுவுல மட்டும் உருகி ஓரமெல்லாம் கட்டியாவே நிக்கும். 7 சென்டிமீட்டர் அகல கிளாஸ்னா முதல் தடவை ஒரு 3 மணித்தியாலம் எரியவிட்டு ஓரம் வரைக்கும் உருகுதான்னு பாருங்க. கொழும்பு வெக்கையில சரியா எரியிற திரி உங்க குளிருக்கு பத்தாம போகலாம்.

கொட்டகலை_மஞ்சு:
ரொம்ப நன்றி அக்கா, நன்றிண்ணே. லேபலை இப்ப தான் பார்த்தேன், இலைன்னு தான் சின்னதா போட்டிருக்கு. அப்போ தேத்தூள்?

ஹட்டன்_தேத்தண்ணி:
தயவு செஞ்சு போடாதீங்கம்மா. காஞ்ச இலை உருகின மெழுகுல மிதந்து சுடர்கிட்ட போகும், பத்திக்கிட்டா ரெண்டாவது திரியா எரியும், கிளாஸ் வெடிச்சா ஹோட்டல் ரூம்ல யாருக்கு என்ன ஆகும்னு யோசிங்க. கறுவாப்பட்டை துண்டு, காஞ்ச பூ எல்லாத்துக்கும் இதே கதை தான். மெழுகுல தேயிலையை ஊற வச்சாலும் அந்த வாசம் இறங்காது, சூட்டுல போயிடும். டூரிஸ்ட்டுக்கு தோட்டத்து ஞாபகம் வேணும்னா நல்ல பிஓபி (தேயிலையில ஒரு தரம்) தூள் ஒரு சின்ன பைக்கெட்டை மெழுகுதிரி கிளாஸ்ல நூலால கட்டி குடுங்க, போய் ஊத்தி குடிக்கட்டும். பூனை வளர்க்கிற வீடுகளுக்கு யூகலிப்டஸ், கராம்பு ஆகாதுன்னு லேபல்ல கட்டாயம் எழுதுங்க. திரியையும் மொத்தமா எடுத்துடாதீங்க, மூணு சைஸ்ல கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, ஒரே அளவு கிளாஸ்கள்ல தனித்தனியா ஊத்தி, உங்க வீட்டுக் குளிர்லயே எரிச்சு பார்த்துட்டு எடுங்க.