எதிர்ப்பு வந்த பிறகும் அதே லாமிவுடின் ஏன்?

கயல்:
அண்ணன் எச்ஐவிக்காக 2009-லிருந்து ஏஆர்டி (கூட்டு மருந்து) மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடம் வேலைக்காக ஊர் மாறியதில் விட்டுவிட்டுச் சாப்பிட்டார், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, ஏறிவிட்டது. வைரஸின் மரபணுவைப் படித்து எந்த மருந்து கேட்காது என்று சொல்லும் ஜீனோடைப் ரிப்போர்ட்டில் 'எம்184வி, லாமிவுடினுக்கு அதிக எதிர்ப்பு' என்று இருக்கிறது. ஆனால் புது மாத்திரையிலும் டெனோஃபோவிர், டோலுடெக்ராவிரோடு லாமிவுடின் இருக்கிறது. கேட்டால் டாக்டர், "இருக்கட்டும்மா, நல்லதுதான்" என்றார். வெளியே வரிசை நின்றதால் மேலே கேட்க முடியவில்லை. கேட்காத மருந்து எப்படி நல்லது?

லேப் அக்கா:
டாக்டர் சொன்னது சரி, தங்கச்சி. பதினொரு வருடம் ஜீனோடைப் லேபில் இருந்தேன். ஸ்கிரீனில் மரபணு எழுத்துகள் கோடுகளாக வரும்; ஏ எழுத்துக்குப் பச்சைக் கோடு, ஜி-க்குக் கறுப்பு. 184-ஆம் இடத்தில் ஏ-டி-ஜி இருக்க வேண்டும். முதல் எழுத்தில் பச்சை இறங்கிக் கறுப்பு ஏறியிருந்தால் அந்த இடத்தில் மெத்தியோனின் (எம்) என்ற அமினோ அமிலம் போய் வேலின் (வி) வந்துவிட்டது என்று அர்த்தம். அதுதான் எம்184வி.

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதிதான் வைரஸின் ஆர்என்ஏ-வைப் பார்த்து டிஎன்ஏ எழுதுகிறது. எழுத்துகளைக் கோக்கும் இடத்திலேயே இந்த 184 இருக்கிறது. மெத்தியோனின் வளைந்து கொடுக்கும், வேலின் கிளைவிட்டு நிற்கும். லாமிவுடின் இழையில் புகும் ஒரு போலி எழுத்து, இயற்கை எழுத்தின் கண்ணாடிப் பிம்பம் போன்ற இடக்கை வடிவம், அதனால் வேலினில் போய் இடிக்கிறது. மருந்தின் வீரியம் 100 மடங்குக்கு மேல் குறைகிறது.

ஆனால் நொதியும் கெட்டுப்போகிறது. டிஎன்ஏ இழையை முழுக்க எழுதுமுன்பே நழுவி விழும், எழுத்துகள் குறைவாகக் கிடைக்கும் செல்லில் இன்னும் அதிகமாக. டெனோஃபோவிர் இழையில் உட்கார்ந்துவிட்டால் அதைப் பிடுங்கிப் போடும் திறனும் குறைகிறது, அதாவது டெனோஃபோவிர் முன்னைவிட நன்றாகக் கேட்கும். லாமிவுடினை எடுத்துவிட்டால் வலுவான பழைய வைரஸ் மேலே வந்துவிடும்.

பல பேருக்கு வேலினுக்கு முன் ஐசோலூசின் என்ற இன்னொரு அமினோ அமிலம்தான் அந்த இடத்தில் தலைகாட்டும். அந்த நொதி இன்னும் மோசமாக எழுதும், சில வாரத்தில் வேலின் அதைத் தள்ளிவிடும்.

கயல்:
வைரஸ் நோஞ்சான் ஆகிவிட்டதென்றால் லாமிவுடின் மட்டும் போதுமா அக்கா? மாத்திரை பெரிசாக இருக்கிறதென்று அலுத்துக்கொள்கிறார்.

லேப் அக்கா:
போதவே போதாது. மற்ற மருந்துகளை நிறுத்தியவர்களிடம் லாமிவுடின் மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-ல் இத்தாலியிலிருந்து வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தியவர்களைவிட அவர்களுக்கு சிடி4 (வைரஸ் தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) சரிவு குறைவு, ஆனால் சரிவு இருந்தது. நோஞ்சானும் பெருகும். இப்போது அண்ணனைக் காப்பது டோலுடெக்ராவிரும் டெனோஃபோவிரும்தான்.

பழைய கூட்டு மாத்திரையில் நெவிரபின் என்ற மருந்து இருந்திருந்தால், அதற்கு எதிர்ப்புத் தரும் கே103என் என்ற மாற்றம் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் நொதிக்குப் பெரிய பாதிப்பே இல்லை. அதனால் மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் தங்கிவிடும். எம்184வி அப்படியில்லை, நிறுத்திச் சில வாரங்களில் ரிப்போர்ட்டிலிருந்து மறைய ஆரம்பிக்கும், ஆனால் உறங்கும் சிடி4 செல்களில் பதுங்கியிருக்கும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான்கு மாதம் மருந்தில்லாமல் இருந்த ஒருவருடைய சாம்பிள் எங்களிடம் வந்தது. கூட வந்த சீட்டில் அதை யாரும் எழுதவில்லை. 'எதிர்ப்பு இல்லை' என்று நானே ரிப்போர்ட் அடித்தேன். இன்றும் மனசு கேட்கவில்லை. அண்ணனுக்கு சாம்பிள் எடுத்த தேதியும், அப்போது மாத்திரை சாப்பிட்டாரா என்பதும் டாக்டருக்குத் தெரியுமா?

கயல்:
தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இரண்டையும் தாளில் எழுதி ரிப்போர்ட்டோடு பின் அடித்துவிட்டேன். வியாழக்கிழமை போகிறோம்.